டாக்டர் பிரபுல்ல குமார் சென் ஜீவிய சரித்திரம்

நமது தாளில் இதுகாறும் வெளிவந்த ஜீவிய சரித்திரங்களிற் பெரும்பாலானவை எடுத்த கருமத்தை முடித்து வெற்றிமாலை சூடினோருடைய சரித்திரங்களே. மகமை சேர்த்துப் பாடசாலை கண்டோர், பஞ்சு வியாபாரத்தில் பொருளீட்டித் தருமம் செய்தோர், சட்டசபை ஏறினோர் ஆகிய இவர்களைப் பற்றி எழுதுவது நமக்கு எளிது. படிப்பதும் அன்பர்களுக்கு இனிது. இம்மாதம் நாம் எழுதப் புகுந்த பெரியாரோ நம் குலத்தவரல்லர்; நம் மொழியினருமல்லர். அவர் பெயரை உலகறியச் செய்த சிகிச்சையோ சில மணி நேரத்தில் நோயாளியின் மரணத்தில் முடிந்தது. ஆயினும் அவருடைய சரித்திரத்தை நம் இல்லங்களிலுள்ள ஆடவரும் பெண்டிரும், விசேஷமாக வைத்தியக் கல்லூரி வாசலை நோக்கியிருக்கும் நம் சிறுவர் சிறுமியரும் அறிந்துகொள்ளுதல் அவசியம் என்று கருதி இதனை எழுதலானோம். அவர், பம்பாய் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய டாக்டர் பிரபுல்ல குமார் சென் ஆவர்.

சென் அவர்கள் 1915ஆம் ஆண்டில் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தார். வைத்தியம் பயின்றது இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரில், பரேல் பகுதியிலுள்ள சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் வைத்தியக் கல்லூரியில். இக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. வெள்ளையர் ஆட்சியில் சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளின் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன. நம் நாட்டு வைத்தியர் எத்துணைத் திறமையுடையவராயினும் இரண்டாமிடத்தில் நிற்கவேண்டியவரே. இந்நிலையைக் கண்டு பொறாத பம்பாய்ப் பெருமக்கள் சிலர், தம் பொருளால் ஏற்படும் கல்லூரியில் இந்தியரே ஆசிரியராதல் வேண்டுமென்று நிபந்தனை விதித்து நன்கொடை வழங்கினர். கல்லூரியும் அதனைச் சார்ந்த ஆஸ்பத்திரியும் 1926ல் திறக்கப்பட்டன. பரேல் என்பது பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த இடம். விடியுமுன் ஆலைச் சங்கு ஊத, ஓரறைக் குடிசைகளிலிருந்து ஜனங்கள் சாரிசாரியாகக் கிளம்பும் காட்சியைக் கோவில்பட்டியாருக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை. அந்த ஏழைகளே அவ்வாஸ்பத்திரியின் நோயாளிகள். சென் அவர்கள் பயின்ற இடத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்து, தம் உழைப்பின் பெரும்பகுதியை அவ்விடத்திற்கே கொடுத்தார்.

அக்காலத்தில் நெஞ்சைத் திறந்து இருதயத்தைத் தொடுதல் என்பது ரண வைத்தியர்கள் அஞ்சி ஒதுங்கிய காரியம். 1949ல் ராக்பெல்லர் நிதியின் உதவியால் சென் அவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திற்குச் சென்று, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் அப்புதிய கலையை நேரிற் கண்டு பழகினார்.

அக்கலையின் தோற்றத்தைச் சிறிது அறிந்தாலன்றி அவர் செய்த தொண்டு விளங்காது. 1894ல் பிரெஞ்சு தேசத்தின் ஜனாதிபதி கார்னோ என்பவர் லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் பெரியதோர் இரத்தக் குழாய் அறுபட்டது. அறுபட்ட குழாயைத் தைத்துச் சேர்க்கும் வழி அன்று எந்த வைத்தியருக்கும் தெரியாமையால் அவர் இறந்தார். அந்நகரில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரல் என்னும் இளைஞர், துணியைத் தைப்பவரால் முடிவது வைத்தியரால் ஏன் முடியாது என்று சிந்தித்து, பூவேலை செய்யும் ஒரு மாதிடம் சென்று மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். குழாயின் வாயை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகும். முக்கோணத்தின் பக்கங்கள் நேர்க்கோடாதலின் தைப்பது எளிதாகும். இத்துணைச் சிறிய யுக்தியே இன்று உலகெங்கும் நடைபெறும் இரத்தக் குழாய்ச் சிகிச்சைக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் அடிப்படை. 1912ல் காரலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் நாய்களின் சிறுநீரகங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வைத்தார். தையல் நன்றாகவே நின்றது, இரத்தமும் ஓடியது, சில நாட்களில் உறுப்புமட்டும் கெட்டழிந்தது. அயலாரின் உறுப்பைத் தேகம் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்வதில்லை. கிருமியை எதிர்ப்பதுபோலவே அதனையும் எதிர்த்துப் போரிடுகிறது. ஊசியால் தீராத இந்தச் சங்கடம் பின்வரும் சரித்திரம் முழுவதிலும் நம்முடன் கூடவே வரும்.

பம்பாய்க்குத் திரும்பிய சென் அவர்களின் முன் வந்து நின்றவர்கள் வால்வு கெட்ட இளைஞர்களும் இளம் பெண்களும். குழந்தைப் பிராயத்தில் தொண்டைப் புண் வருகிறது. பிறகு காய்ச்சலும் மூட்டு வலியும் வருகின்றன. அவை தாமே நீங்கிவிட்டதாகப் பெற்றோர் எண்ணுகின்றனர். ஆனால் இருதயத்தினுள் இடப்புறத்துக் கதவு தடித்து, இதழோடு இதழ் ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, மணமாகிக் கருவுற்ற பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் மூச்சுத் திணறி உட்காரும்போதுதான் நோய் வெளிப்படும். ஓரறையில் பலர் நெருங்கிப் படுத்துறங்கும் இல்லங்களில் இந்நோய் மிகுதி. பரேல் குடிசைகளைப் போலவே நமது கரிசற் சீமையின் தீப்பெட்டி ஊர்களும் இதனைக் கண்டறிந்தவையே. மகளிர் சிலருக்குப் பேய்க்கோளாறு என்று மந்திரித்த காலமும் உண்டு. தொண்டைப் புண்ணிற்குத் தக்க காலத்தில் பென்சிலின் கொடுத்தாற் போதும், இந்நோய் வாராது. தாய்மார்கள் இதனை மனத்திற் கொள்ளுவார்களாக. வந்துவிட்டாலோ, நெஞ்சைத் திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின் காதுமடல் போன்ற பகுதி வழியே விரலை நுழைத்து, ஒட்டிய இதழ்களைத் தடவியறிந்து பிரித்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலே கண்ணாக நின்று செய்யும் வேலை அது. நமது தேசத்தில் இச்சிகிச்சையை நிலைநாட்டிய முதல்வர்களுள் சென் அவர்கள் ஒருவர். தென்னாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியும் அக்காலத்திலேயே நெஞ்சுச் சிகிச்சைக்குத் தனிப் பகுதி கண்டதென்பதையும் சேர்த்துச் சொல்லுதல் முறை.

இனி, நம் கருத்தில் அவருடைய மிக உயர்ந்த பணி எதுவோ அதனைச் சொல்லுவோம். அவருடைய பெயரைச் சொன்னவுடன் பலரும் இருதய மாற்றைப் பேசுவர். இதனைப் பேசுவோர் சிலரே.

நாடி பிடித்துப் பார்ப்பது நம் வைத்தியத்தின் முதற்படி. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தால் நாடி தட்டுப்படாத மனிதர் உண்டோ என்றால், உண்டு. உயிரோடு எழுந்து நடமாடும் இளம் பெண்ணின் கையில் நாடி இராது. 1908ல் ஜப்பானியக் கண் வைத்தியராகிய டகயாசு என்பவர் இந்நோய் கண்டாள் ஒருத்தியின் கண்ணில் இரத்தக் குழாய்கள் விபரீதமாக மாறியிருப்பதைக் கண்டு எழுதினார். பிறகு அது நாடியற்ற நோய் என்றே பெயர் பெற்றது. இருதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரும் அதன் கிளைகளின் சுவரும் வீங்கித் தடித்து, குழாய் உள்ளேயே சுருங்கிப் போவதே நோய். ஜப்பானில் கைக்கும் தலைக்கும் செல்லும் கிளைகள் கெடுதல் பெரும்பான்மை. சென் அவர்களும் அவருடைய சகாக்களாகிய டாக்டர் கினரே, டாக்டர் பருல்கர் முதலியோரும் பம்பாயில் கண்டதோ வேறொரு கோலம். இங்கே நெஞ்சுக்குக் கீழும் வயிற்றிலுமாகத் தமனியின் நடுப்பகுதி சுருங்கியிருந்தது. கையில் நாடி குதிக்கும். காலில் மெலிந்து கிடக்கும். சிறுநீரகத்திற்குச் செல்லும் கிளை அடைபடுவதனால் இருபது வயது நிரம்பாத பெண்ணுக்கும் இரத்தக் கொதிப்பு ஏறி நிற்கும். இதனை 1963ல் அவர்கள் ஆங்கில நாட்டு இருதய சஞ்சிகையில் விவரித்து எழுதினர். பத்தாண்டு கழித்து, 1973ல், 101 நோயாளிகளைப் பரிசோதித்தறிந்த செய்திகளைத் தனி நூலாகவும் வெளியிட்டனர்.

101 என்ற எண்ணைப் படிக்க ஒரு விநாடி ஆகும். ஒவ்வொருவரையும் ஊர்தேடி வரவழைத்து, குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் பிடித்து, சிகிச்சை செய்து, மாண்டவரின் தமனியைப் பிரேத பரிசோதனையில் துண்டு துண்டாக நோக்கி, எழுதிவைத்துச் சேர்ப்பதற்கு எத்தனை ஆண்டு பொறுமை வேண்டும்! நோயின் மூலகாரணம் இன்றும் முடிவாகத் தெரிந்தபாடில்லை. காசநோயுடன் சம்பந்தமிருக்கலாம் என்ற ஐயம்மட்டும் தொடர்ந்து வருகிறது. ஐரோப்பியர் எழுதிய புத்தகத்தில் இல்லாத நோய்க்கோலத்தை நம் நாட்டு ஏழைகளின் தேகத்திலிருந்து படித்தறிந்து உலகத்திற்கு உரைத்தாரே, அதுவன்றோ பேராசிரியர் என்னும் பட்டத்திற்கு உரிய செயல் என்று நாம் எண்ணுகிறோம்.

அடைபட்ட குழாய்க்கு மாற்றுக் குழாய் எது? ஈண்டு நம் ஊரார்க்கு வியப்பளிக்கும் செய்தியொன்றுண்டு. அது துணி. 1950களில் அமெரிக்க ரண வைத்தியர் டிபேக்கி என்பவர் டேக்ரான் துணியை வாங்கி வந்து, வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாய்களாகத் தைத்தார். துணியின் இழைகளுக்கிடையே தேகத்தின் தசை வளர்ந்து புகுந்து, உட்புறம் வழவழப்பாகப் படிந்துவிடுகிறது. பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையும் பஞ்சாலைகளும் கொண்ட நமது ஊர், இப்பெருமை நம் கரிசற் பருத்திக்கு வாய்க்கவில்லையே என்று வருந்தலாம். பருத்தி நூல் தேகத்திற்குள் நாளடைவில் நைந்து வலிவிழந்துவிடுமாதலின் அதற்குச் செயற்கை இழையே ஏற்றது.

சென் அவர்களின் புத்தி எவ்வளவு தூரம் பாயக்கூடியது என்பதற்கு ஓர் உதாரணம். சம்சாரி ஒருவன் கரிசற்காட்டில் பாம்பைக் கண்டால் தடியைத் தேடுவான். இவர் பாம்பின் இருதயத்தைத் தேடினார். மனித இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொடுப்பவை அதன் மேலே படர்ந்த குழாய்கள். அவை அடைபட்டால் மாரடைப்பு. பாம்பின் இருதயமோ தன் அறைக்குள் நிறைந்த இரத்தத்தையே நுண்ணிய துவாரங்கள் வழியாகத் தசைக்குள் உறிஞ்சிக்கொள்ளுகிறது. அப்படியாயின் மனித இருதயத்திலும் ஊசியால் துளையிட்டு அறையின் இரத்தத்தைத் தசைக்கு ஊட்டலாகாதா என்று நாய்களிடம் சோதித்து 1965ல் எழுதினார். பிற்காலத்தில் அமெரிக்கர் ஊசிக்குப் பதிலாக லேசர் கதிரைக்கொண்டு இவ்வழியைப் பின்பற்றினர். அதனால் விளையும் பயன் குறித்து வைத்தியருள் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு வருவோம். 1954ல் பாஸ்டன் நகரில் ஒரே கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். இரட்டையராதலின் தேகம் எதிர்க்கவில்லை. அயலார் உறுப்பென்றால் எதிர்ப்பை அடக்க மருந்து வேண்டும்; அன்றிருந்த மருந்துகளோ அரைகுறையானவை. 1965ல் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் இறந்தவரின் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தினர். நம் தேசத்தில் அதுவே தொடக்கம். நோயாளி நெடுநாள் பிழைக்கவில்லை. உயிருள்ளோர் அளித்த சிறுநீரகத்தால் வெற்றி கிடைத்தது 1971ல் வேலூரில்.

அதே 1965ல் சென் அவர்களும் துணைவர்களும் நாய்களில் இருதயத்தை மாற்றிய 100 பரிசோதனைகளின் விவரத்தை வெளியிட்டனர். வள்ளலார் வழி நிற்கும் நம் அன்பர்களுக்கு இவ்வெண்ணைக் கேட்டதும் மனம் துடிக்கும், நமக்கும் துடித்தது. அதனை மறைத்து எழுதுவதும் சரியன்று, அப்பரிசோதனைகள் இன்றிப் பிற்காலத்தில் ஒரு மனிதரும் பிழைத்திருக்கமாட்டார் என்பதை மறைப்பதும் சரியன்று. புதுமையை நாடிப் பெயர் வாங்கும் ஆசையால் இவர் திடீரென்று கத்தியெடுத்தார் என்று சொல்லுவோர் அந்த நூறையும் அறியாதவர்.

1967 டிசம்பர் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்து டாக்டர் பர்னார்டு உலகின் முதல் மனித இருதய மாற்றைச் செய்தார். மூன்று நாளில் நியூயார்க்கில் கான்ட்ரோவிட்ஸ், ஜனவரியில் மறுபடியும் பர்னார்டு, பிறகு கலிபோர்னியாவில் ஷம்வே, மறுபடியும் கான்ட்ரோவிட்ஸ். ஆறாவது சிகிச்சை நடந்த இடம் ஏழை மில்லாளிகளின் ஆஸ்பத்திரியாகிய பரேல். 1968 பிப்ரவரி நடுவில் சென் அவர்களும் குழுவினரும், தலையில் அடிபட்டு இறந்த ஓர் இளம் பெண்ணின் இருதயத்தை ஓர் உழவருக்கு வைத்துத் தைத்தனர். உலகில் இக்காரியத்தைச் செய்த ரண வைத்தியருள் அவர் நான்காமவர். அவ்விருவரின் பெயரையும் நாம் எழுதப்போவதில்லை. அவர்களை நினையாமல் மேலே எழுதவும் இயலவில்லை.

புதிய இருதயம் துடித்தது. ஆனால் நெடுநாள் இருதய நோயால் அவ்வுழவரின் நுரையீரல் குழாய்கள் இறுகிப் போயிருந்தன. அவருடைய பழைய இருதயம் அவ்விறுக்கத்தை எதிர்த்துத் தள்ளிப் பழகியது. ஆரோக்கியமான பெண்ணின் இருதயத்து வலப்பகுதிக்கு அப்பழக்கமில்லை. சுமை தாங்காமல் அது தளர்ந்தது. மூன்று மணி நேரத்தில் உழவர் இறந்தார். தையலில் பிழையில்லை, நுரையீரலின் இறுக்கத்தை முன்னரே அளந்து ஆளைத் தேர்வது எவ்வளவு முக்கியமென்பதை வைத்திய உலகம் இத்தகைய மரணங்களினாலேயே தெளிந்தது. இன்று இருதய மாற்றுக்குப் பெயர் பதியும் ஒவ்வொருவருக்கும் அந்த அளவு முதலிலேயே எடுக்கப்படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் முறை முயன்றார். இம்முறை நோயாளி பதினான்கு மணி நேரம் இருந்து இறந்தார். முதல் முயற்சியை நாம் தயங்காமல் ஆதரிக்கிறோம். இரண்டாவதைப் பற்றி நமக்குத் தயக்கமுண்டு. ஏழு மாதத்தில் மருந்தும் மாறவில்லை, வசதியும் பெருகவில்லை. பிறகு சென் அவர்கள் மூன்றாம் முறை முயலவில்லை. நிறுத்தியதும் அவருடைய விவேகத்தைக் காட்டுகிறது. 1968ல்மட்டும் உலகெங்கும் நூறு இருதய மாற்றுகள் நடந்தன. பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டனர். 1970க்குள் பெரும் பெரும் ஆஸ்பத்திரிகளும் கைவிட்டன. ஷம்வே போன்ற மிகச் சிலரே விடாது தொடர்ந்தனர்.

மற்றொரு சங்கடத்தையும் கருதல் வேண்டும். இறப்பு என்பது எது? மூச்சும் இருதயமும் நின்றால் இறப்பு என்பதே அன்று நம் நாட்டில் வழக்கும் சட்டமும். இருதயம் நின்று கெட்ட பின் அதனை எடுத்து என் பயன்? மூளை முற்றிலும் மாண்டு, இயந்திரத்தால்மட்டும் மூச்சு நடக்கும் நிலையையும் இறப்பாகக் கொள்ளலாமென்று அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலைக் குழுவினர் அறிக்கை வெளியிட்டது 1968 ஆகஸ்டில். அதாவது பம்பாயில் முதல் சிகிச்சை நடந்து ஆறு மாதம் கழித்து. அதே ஆகஸ்டில் ஜப்பானில் இருதய மாற்றுச் செய்த டாக்டர் வாடா என்பவர்மீது கொலைக்குற்றப் புகாரே எழுந்தது. பின்னர் வழக்கின்றி அது கைவிடப்பட்டபோதிலும், அந்நாட்டில் மறு இருதய மாற்று நடக்க 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. சென் அவர்களும் அத்தகைய கத்திமுனை மீதே நடந்தார். சட்டமும் மருந்தும் ஜனங்களின் சம்மதமும் பின்தங்கி நிற்க, கைத்திறம்மட்டும் முன்னே போய்விட்ட காலம் அது.

1969ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அவரிடம் பயின்ற மாணாக்கர்கள் நெஞ்சுச் சிகிச்சையிலும் இரத்தக் குழாய்ச் சிகிச்சையிலும் தேர்ந்து விளங்கினர். 1982ல் அவர் காலமானார். மறு ஆண்டே, 1983ல், எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்துக்கு அமெரிக்க சர்க்கார் அனுமதி வழங்கியது. அம்மருந்தினால் உலகெங்கும் இருதய மாற்று மறுபடி உயிர்பெற்றது. அதனைக் கண்ணாரக் காண அவர் இல்லை. நம் தேசத்தில் மூளைச் சாவை ஏற்கும் சட்டம் 1994 ஜூலையில் நிறைவேறியது; ஆகஸ்டு 3ஆம் தேதியே டில்லியில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் இருதய மாற்றில் வெற்றி கண்டனர். பரேல் சிகிச்சைக்கும் இதற்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள்.

அச்சட்டம் ஏற்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது வெட்கத்திற்குரியது. ஏழைகள் கடன் தீரச் சிறுநீரகத்தை விற்ற கொடுமை சென்னைப் பட்டினத்துச் சேரிகளிலும் நடந்தது. உயிருள்ள ஏழையின் உறுப்பு விலைபோகாமலிருக்க வேண்டுமானால், இறந்தோரின் உறுப்பைச் சுற்றத்தார் மனமுவந்து கொடுத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென முறையான திட்டம் 2008ல் ஏற்பட்டு, பிற மாகாணத்தாரும் பார்த்துச் செல்லத்தக்க நிலைக்கு வளர்ந்தது. உறுப்புக் கொடுத்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் அரசாங்கம் அறிவித்தது.

நம்மவருள் முதியோர் சிலருக்கு இன்னும் தயக்கமுண்டு. தேகம் முழுமையாக இராவிடில் கிரியைகள் பலிக்குமோ என்கின்றனர். கொடுத்தது எந்தச் சாதியாருக்குப் போகுமோ என்று மெல்லக் கேட்போரும் இல்லாமலில்லை. முதற்கேள்விக்கு நம் விடை, உறுப்பெடுத்தபின் தேகத்தை முறையாகத் தைத்து மூடியே உறவினரிடம் ஒப்புவிக்கின்றனர், நீராட்டவும் கோடி உடுத்தவும் தடையில்லை என்பது. இரண்டாவதற்கு விடை, வரிசைப்படி காத்திருப்போரில் இரத்த வகையும் அவசரமும் பொருந்தியவருக்கே அது போகிறது, சாதி எழுதும் கட்டம் அப்பட்டியலில் கிடையாது என்பது. பரேலில் அந்தப் பெண்ணுக்கும் அந்த உழவருக்கும் இடையே சென் அவர்கள் பார்த்த பொருத்தமும் வேறல்ல. வாங்குவோர் பட்டியலில் நம் குலத்தாரும் நிற்கின்றனர்.

உடலைவிட்டு எடுத்த இருதயம் சுமார் நான்கு மணி நேரத்திற்குள் மறு நெஞ்சில் துடித்தாக வேண்டும்; சிறுநீரகத்திற்கு அதனினும் அதிக அவகாசம் உண்டு. திருநெல்வேலியில் எடுக்கப்படும் உறுப்பு மதுரைக்கு நிலவழியாகச் செல்லுமாயின், அவ்வண்டி கயத்தாறு கடந்து நம் கோவில்பட்டியை ஒட்டிய நெடுஞ்சாலையிலேதான் செல்லவேண்டும். அத்தகைய வண்டி வருங்கால் போலீசார் மற்ற வாகனங்களை ஒதுக்கி நிறுத்துவர். நம் லாரி, வேன் சொந்தக்காரர்கள் தம் டிரைவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லி வைப்பார்களாக.